நல்லெண்ணெயும் என் காவலும்

கடை எண்ணெயில கலப்படம்னு, எள்ளை நானே கழுவிக் காயவெச்சு இன்னிக்கு தொம்மலூர் செக்குக்கு எடுத்துட்டுப் போனேன். ஆட்டும்போது பக்கத்துலயே காவல் நின்னேன்.

செக்குக்கார அக்கா கருப்பட்டியை உடைச்சுப் போட வந்தாங்க.

"என் கண்ணு முன்னாடியே கலக்குறீங்களா?"

"ஸ்வல்ப, கொஞ்சூண்டு கருப்பட்டி போட்டாத்தான் சார் எண்ணெய் பிரியும்,"னு கன்னடம் கலந்து சொன்னாங்க.

"வேணவே வேணாம்."

கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. எள்ளு சேறு மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. சொட்டு எண்ணெய் வரலை.

"அக்கா... போட்டுடுங்க."

போட்டாங்க. கொஞ்ச நேரத்துல எண்ணெய் தனியா மினுமினுன்னு வந்துச்சு.

சூடா ஒரு துண்டு புண்ணாக்கை என் கையில வெச்சு, "கலப்படம் எப்படி இருக்குன்னு தின்னு பாருங்க"ன்னாங்க.

எண்ணெய் பத்திரமா வீடு வந்து சேர்ந்துச்சு. பக்கத்து வீட்டு மாட்டுக்குன்னு கட்டிக்கிட்டு வந்த மிச்சப் புண்ணாக்கு பஸ்ஸிலேயே தீர்ந்துபோச்சு.

மாட்டுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்!