டிஸ்க் காப்பிக் கடையின் மிச்சங்கள்

டிஸ்க் காப்பி போடும் தொழிலில் காப்பி போடுவது சுலபம். போட்டு முடித்தபின் கம்ப்யூட்டருக்குள் மிச்சம் கிடப்பதைக் கூட்டிப் பெருக்குவதுதான் பெரும்பாடு. இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்து, இடம் இல்லை என்று அது மூலையில் அறிவிப்புக் காட்டும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாம் ஒரே கட்சி.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடையில் அப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதைத் தொட்டாலும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் எப்போதும் இருந்தது. முதலாளி இருதயராஜ் அண்ணன், கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் படம் எடுப்பார், எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்சிங்கும் அவரே. சொந்தபந்தங்களுக்குக் கொடுக்கக் காப்பி போடுவது என் வேலை. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்.

காணாமல் போன இடம்

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. நான் சினிமாப் படங்களை ஏற்றி ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அண்ணனுக்குச் சந்தேகம். வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தேன். காப்பி போடும் சாஃப்ட்வேர் முதலில் டிஸ்க்கில் இருப்பதை முழுசாக ஒரே ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளும். அதை வைத்துத்தான் ஒவ்வொரு காப்பியாகப் போடும். வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அதுவே அழித்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனாலோ டிஸ்க் சிக்கினாலோ அழிக்காமல் விட்டுவிடும். அது வைக்கும் ஃபோல்டரோ மறைத்து வைக்கப்பட்டது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. செட்டிங்கில் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். ஊரில் பாதிப் பேரின் விசேஷங்கள் வரிசையாக வந்து நின்றன. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டி, நான் எதையும் ஒளிக்கவில்லை என்றேன். அவர் திரையைப் பார்த்தார். சந்தேகப்பட்டதற்கு வருத்தம் எல்லாம் சொல்லவில்லை. "நான் படம் எடுக்கிறவன்லே டிகிரி. கண்ணுக்குத் தெரியாதது பூராம் இனி உன் பாடு."

முதல் துப்புரவு

உற்சாகம் தாங்கவில்லை. மறைந்து கிடந்தது எல்லாமே குப்பை என்று நினைத்து, டிக் போட்டபின் மங்கலான நிறத்தில் தெரிந்த மறைவு ஃபைல் எதையும் விடாமல் அழித்தேன். கம்ப்யூட்டர் தன் சொந்த உபயோகத்துக்கு மறைத்து வைத்திருந்த ஃபைல்களும் அதோடு சேர்ந்து போயின. மறுநாள் காலை அது எழுந்திருக்கவே இல்லை. நல்ல முகூர்த்தக் காலம் வேறு. சரிசெய்கிற ஆள் மதுரையிலிருந்து வரும்வரை, மகளின் கல்யாண டிஸ்க்குக்காக ஒரு பெண்ணின் அப்பா தினமும் வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போனார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த மிச்சத்தையும் திறந்து ஓடவிட்டுப் பார்த்து, யாருடையது, காப்பி போய்ச் சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அழிப்பேன். அதற்கு நேரம் ஆகும், அண்ணன் திட்டுவார். திட்டும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் அப்பா கிளம்பும்போது சொன்னதுதான் காதில் கேட்கும். "பொண்ணு பாத்து, பேசி, தாலி கட்டியே முடிச்சிட்டோம் தம்பி. அதைத் திரும்பப் பாக்க இம்புட்டு நாளா?"

வெறும் கை

இந்த வேலையில் நான் தேறிவிட்டேன் என்று பேச்சுப் பரவி, வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். தொப்பம்பட்டியில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், வெளியூரில் படிக்கும் மகன் லீவில் வந்து டிஸ்க் டிஸ்க்காகக் காப்பி போட்டுவிட்டுப் போனதிலிருந்து கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது என்றார். வைரஸ் என்று யாரோ சொல்லி, அதன் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மத்தியானம்வரை உட்கார்ந்து மிச்சங்களைத் துடைத்தேன். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது.

அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்தார். கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பார்த்தார், மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஏனுங்க தம்பி, காலையில இருந்து குப்பை அள்ளுனேங்கறீங்க, கையில ஒண்ணையுங் காணமுங்களே?"

அண்டா பிடித்தவர்

மிக்சிங்குக்கு முன்னால் கேமரா டேப்பில் இருப்பதை அப்படியே, அழித்து அழித்து எழுதக்கூடிய ஒரு டிஸ்க்கில் ஏற்றிக் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று விசேஷ வீட்டாரிடம் அண்ணன் கேட்டுக்கொள்வார். பிறகு பந்தி, அடுப்படி, சும்மா நிற்கிறவர்கள் எல்லாம் வெட்டப்படும். டேப்பிலும் அந்த டிஸ்க்கிலும் அடுத்த விசேஷம் ஏறிவிடும். ஆகவே வெட்டுப்பட்டவர்கள் எங்காவது மிஞ்சியிருந்தால் அது என் மிச்சங்களில்தான்.

ஒரு நாள் காலை, பூ மார்க்கெட்டில் மல்லி போட்டுவிட்டு ஒருவர் வந்தார். பெயர் முருகேசன், செம்பட்டிப் பக்கம். திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா சரசு தன் மகனுக்குக் கோயிலில் காது குத்தியிருந்தார். படம் எடுத்தது நாங்கள்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா நேரில் வந்து அழைக்காமல் ஆளிடம் பத்திரிகை கொடுத்தனுப்பியதில் இவருக்கு மனத்தாங்கல். போகாமலும் இருக்க முடியவில்லை. போனார். மேலே மண்டபத்துக்கு வா என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று கீழே அடுப்படியிலேயே நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பையனை அக்காவின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். இப்போது, தாய்மாமன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அக்கா ஊரெல்லாம் சொல்கிறாராம். தான் வந்து நின்றது படத்தில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

மிக்சிங் முடிந்த டிஸ்க்கில் அவர் எங்கேயும் இல்லை. எனக்கு ஞாபகம் வந்தது. வெட்டாத டிஸ்க்கை அக்கா பார்க்கவில்லை, வீட்டு ஆம்பளைகள்தான் வந்து பார்த்தார்கள். அதைக் காப்பி போடும்போது கரண்ட் போய், ஃபைல் மிச்சமாகி, அழிக்கலாமா என்று தயங்கி நான் விட்டுவைத்திருந்தேன். ஓடவிட்டேன். சமையல்காரரோடு சேர்ந்து இவர் சோற்று அண்டாவின் ஒரு காதைப் பிடித்துச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தார். தோளில் மஞ்சப்பை. வடித்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துப் படியையே பார்த்தபடி நின்றார். பையில் இருந்தது மருமகனுக்கு எடுத்த புதுச் சட்டை என்றார். அதை அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போயிருக்கிறார். "அக்கா ஆல்பம் வாங்க வருவாக. அப்ப இதைக் காட்டு தம்பி. நான் சொன்னேன்னு சொல்லாத."

சட்டை

சரசு அக்கா அந்த வாரமே வந்தார். காப்பி போடும்போது இது கிடைத்தது, நீங்கள் பார்க்க வேண்டும் என்றேன். அதில் பொய் இல்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. பிரிந்த அக்காவையும் தம்பியையும் ஒரு ஃபைல் சேர்த்துவைக்கப் போகிறது, அதைக் காப்பாற்றி வைத்தவன் நான்.

கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் முகம் இறுகியது. "இம்புட்டு தூரம் வந்தவன், அந்த நாலு படி ஏறியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மூன்றாவது முறை அவர் கேட்காமலே போட்டேன். எழுந்து போகும்போது, என்னிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார். "படத்துல போட்டிருக்கானே, அந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது."

சொன்னதும் சொல்லாததும்

இரண்டு நாள் கழித்து முருகேசன் வந்தார். அக்கா பார்த்தார்களா என்று கேட்டார். பார்த்தார்கள் என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதில் நான் கவனமானவன். நாலு படி ஏறியிருக்கக் கூடாதா என்று கேட்டதை அப்படியே சொன்னேன். மூன்று முறை பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்டது என்ன சொன்னார் என்றுதானே. சட்டைப் பேச்சு எனக்குத் துணிக்கடைப் பேச்சாகத்தான் அப்போது பட்டது, அதையும் விட்டுவிட்டேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கூப்பிட்டிருந்தால் ஏறாமலா இருந்திருப்பேன் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, அந்த ஃபைலை அழிக்கச் சொன்னார். இருக்கட்டுமே அண்ணே என்றேன். வேண்டாம் என்றார். அவருடைய முகம், அவர் சொல்கிறார். நான் யார் மறுக்க? ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி, நான் கற்ற வித்தையெல்லாம் காட்டி, சுத்தமாக அழித்தேன். திரையில் அந்த ஃபைலின் பெயர் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். "சோறு வடிச்சவனை எதுக்குத் தம்பி படத்துல வச்சுக்கிட்டு?"

ஒரே ஒரு காப்பி

அதற்குப் பிறகு முருகேசன் கடைப்பக்கம் வரவில்லை. அவருடைய போன் நம்பரை நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. பூ மார்க்கெட் வழியாகப் போகும்போது மல்லி மூட்டைகளுக்கு நடுவே தேடிப் பார்ப்பேன், தென்பட்டதில்லை.

முகூர்த்தங்கள் முடிந்து கடை காற்றாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சரசு அக்கா தனியாக வந்தார். கையில் ஒரு வெற்று டிஸ்க். வெளியே கடையில் வாங்கியிருந்தார், உறைகூடப் பிரிக்கவில்லை. அன்றைக்குக் காட்டியதை இதில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். முழுசும் வேண்டாமாம், அவன் அண்டா பிடிக்கிற இடம் மட்டும் போதுமாம்.

அழித்துவிட்டேன் என்றேன். யார் அழிக்கச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். அவரை உட்காரவைத்துவிட்டு, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினேன். அந்த இடத்தின் மேல் அதற்குள் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள் ஏறி இறங்கியிருந்தன. ஒன்றும் தேறவில்லை. இருதயராஜ் அண்ணன்கூட எழுந்து வந்து, டேப் அலமாரியை ஒருமுறை கிளறிவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

சரசு அக்கா எழுந்தார். டிஸ்க்கை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். எடுத்துக் கையில் கொடுத்தேன். அப்போதாவது ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. செம்பட்டிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறதே அக்கா, ஒரு எட்டு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். என்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார். "நேர்ல பாக்கணும்னா அவன் வீட்டு வாசப்படிய நான்ல ஏறணும். இதுன்னா எங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்குவேன்."

இன்றைக்கும் யாராவது ஒரு ஃபைலை அழித்துவிடலாமா என்று என்னைக் கேட்டால், அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கும் முன்பு, அதைத் தேடிக்கொண்டு எந்த ஊரிலிருந்தாவது ஒரு அக்கா வரக்கூடுமா என்றுதான் யோசிக்கிறேன்.