ஆளில்லாத சுவர்

கேரள எல்லையோரம் காரோடு என்ற ஊரில், வளைகுடாவில் சம்பாதித்த ஒருவர் வீடு கட்டினார். அதன் முன்சுவர் பூச்சில்லாத கான்கிரீட். வில்லாக வளைந்து போகும். கான்கிரீட் ஊற்ற அந்த வளைவுக்குப் பலகை அடித்தவன் என் அண்ணன். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்குத் தட்டடி என்று பெயர். பலகை பிரித்த மறுநாளே ஆர்க்கிடெக்ட் என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தான்.

என்னுடையது என்னைவிட வயதில் மூத்த ஃபிலிம் கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அன்று கையில் இருந்தது ஒரே சுருள். கட்டிடங்களைப் படம் எடுக்கும் எங்களுக்கு ஆள் ஆகாது. ஆள், செருப்பு, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் கேமராவில் கண்ணை வைப்போம். சுவரோரம் கிடந்த வளைந்த பலகைகளை அப்புறப்படுத்தச் சொன்னேன். அண்ணனே சுமந்து போட்டான். பதினொரு படம் முடிந்தது.

"ஒண்ணு என்னெயும் சேத்து எடு மக்கா," என்றான். "அந்தப் பலகையும் பக்கத்தில வச்சு. நெய்யாற்றின்கரையில ஒரு காண்ட்ராக்டரு பெரிய வேல எடுத்திருக்காரு. நான் அடிச்ச தட்டாக்கும்னு காட்டினா மேஸ்திரியா வச்சுக்கிடுவாரு."

"ஒரு படந்தான் மிச்சம் உண்டு அண்ணா. வெயில் சாயட்டும்."

ஃபோனில் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அவனிடம் இருந்தது பட்டன் ஃபோன். என்னிடம் நல்ல ஃபோனும் இருந்தது, அதில் எடுப்பதெல்லாம் ஒரு படமா என்ற திமிரும் இருந்தது. வெயில் சாய்ந்ததும் கடைசிப் படத்தையும் வெறும் சுவருக்கே கொடுத்தேன். சாயந்திரமே பலகைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. கீழே ஆர்க்கிடெக்ட் பெயர், என் பெயர். அதை எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். காண்ட்ராக்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சுவரு கொள்ளாம். ஆளெவிடெ?" சுவர் நன்றாக இருக்கிறது, ஆள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

ஆள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் பத்திரிகையை வாங்கி மடித்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில், "நீ நல்லாத்தான் எடுத்திருக்கே," என்று அண்ணன் சொன்னான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவன் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அந்தச் சுவரும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வேலை இன்னும் முடியவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு, வீட்டுக்காரர் அதன்மேல் கல் ஒட்டிவிட்டார். அண்ணன் அதே காண்ட்ராக்டரிடம் வேறொரு மேஸ்திரிக்குக் கீழே கூலிக்குப் போகிறான்.

படத்தை மட்டும் இன்னும் பாராட்டுகிறார்கள். ஆளே இல்லாத அந்த அமைதிதான் அழகு என்கிறார்கள். நான் நன்றி சொல்கிறேன்.