வலது பக்கத் தட்டு

மேசையின் மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். இடப்பக்கத் தட்டில் காகித உறைகளும் பசையும். வலப்பக்கத் தட்டில் ரவிக்கைக் கொக்கிகளும் ஊசி நூலும். அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். இருபது வயதைத் தாண்டியவள். பேச்சு வராது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மயிலாப்பூரில் தொழில் பழக்கும் மையம் ஒன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த புதிது. பாப்பா கொக்கித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள், ஒன்றிரண்டு தைப்பாள், பிறகு மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அழுவாள். இப்படியே போனால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அவளுடைய அம்மா சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில், வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். கணவர் இல்லை. தன் காலத்துக்குப் பிறகு மகள் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை. வேறு வேலை கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. "பெத்தவளுக்குத் தெரியாதா மிஸ், அவளுக்கு இன்னா புடிக்கும்னு? நீங்களே பாருங்க, கொக்கியத்தானே எடுக்குறா?"

உண்மைதான், கொக்கியைத்தான் எடுத்தாள். விருப்பத்தை வாயால் சொல்ல முடியாதவர்களிடம் இரண்டு பொருள்களை வைத்துக் கை எங்கே போகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். சிலருக்குக் கை எப்போதும் ஒரே பக்கமாகவே போகும் என்பதால் இடம் மாற்றியும் பார்க்கவேண்டும். அவர் கண்ணெதிரிலேயே தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். பாப்பா உறைகளை எடுத்தாள். மறுபடி மாற்றினேன், கொக்கியை எடுத்தாள். வலப்பக்கம் எது இருந்ததோ அதுதான் அவளுக்கு. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இத்தினி நாளு... என்னை மாதிரியே ஊசின்னா அவளுக்கும் உசுருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றமா பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அதன்பிறகு அவளை மேசையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். செடித்தொட்டி, சமையலறை, மெழுகுவர்த்தி அறை, எதிலும் அவள் கால் நிற்கவில்லை. ஒருநாள் அலுவலக அறையில் யாரோ பாடக்குறிப்புகளுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியை அழுத்தும்போது காகிதக் கட்டில் வரிசையாகத் துளை விழும் அந்த 'கடக்' சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். இழுத்தும் வரவில்லை. கடிப்பதற்காக உயர்த்திய கை பாதியில் நின்றிருந்தது.

மறுநாள் அம்மாவையும் வரச்சொன்னேன். அந்த இயந்திரத்தை மேசையின் இடக்கோடியில், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். வலப்பக்கம், தொட்டுவிடும் தொலைவில் கொக்கித் தட்டு. அவள் கை பழக்கப்படி வலப்பக்கம் போயிற்று, தட்டைத் தொட்டது, திரும்பி வந்தது. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினாள். இடம் மாற்றி மாற்றி வைத்தோம், மற்ற நாள்களிலும் வைத்தோம். அது எங்கே போனாலும் பின்னாலேயே போனாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்து போறா மிஸ், தானா எழுந்து போறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது லஸ் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் காலை வேளைகளில் பாப்பா பைண்டிங் வேலை செய்கிறாள். காகிதக் கட்டைச் சரியாகத் தட்டி அடுக்க இன்னும் ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும். அம்மாவின் கவலையும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மணிக்கட்டில் தழும்புகள் மங்கிவிட்டன. போன வாரம் அம்மா தி. நகர் துணிக்கடையிலிருந்தே போன் செய்தார். அவளுடைய உடை முழுவதும் இதுவரை அவர் எடுத்து, அவர் தைத்ததுதான். முதல்முறையாக இரண்டு துணிகளை அவள் முன் விரித்துப் பிடித்திருக்கிறார்.

"ரெண்டையும் தள்ளிட்டா மிஸ்!" பின்னால் கடையின் இரைச்சலையும் மீறி அவர் சிரிப்பது கேட்டது. "அலமாரி அலமாரியா பாத்துக்கினு போறா. கட மூடுறதுக்குள்ள எதுனா ஒண்ணு எடுப்பாளான்னு தெரியல. எடுக்கட்டும், நான் நிக்கிறேன்."