மிஸ்ஸிங் என்றால் என்ன அர்த்தம்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன வருஷம், மச்சான் வேலை பார்த்த சரக்குக் கப்பலும் மூழ்கிவிட்டது. மச்சான் என் அக்காவின் கணவர். கப்பலின் அடுப்புக்குக் கரி தள்ளுவது அவர் வேலை. துறைமுகத்திலிருந்த கப்பல் ஆபீசுக்கு விவரம் கேட்க அக்காவும் நானும் போனோம். அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் ஒரே வார்த்தை சொன்னார்: "மிஸ்ஸிங்."

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் படியிறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏளா, அவரு சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

"காணோம்னு அர்த்தம்க்கா."

"காணோம்னா, தேடுதாங்களா?"

"அது அந்த வார்த்தையில இல்லக்கா."

"பெறவு என்னதான் இருக்கு அதுல?"

இருக்கிறார் என்றும் சொல்லாமல் இறந்தார் என்றும் சொல்லாமல், ஒரு வார்த்தை எப்படி முழு வார்த்தையாக இருக்க முடியும்? உப்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் எங்களை விலகச் சொல்லிச் சத்தம் போட்டன. விலகி நின்றோம்.

மறுநாள் தலைமைக் கன்னியாஸ்திரியிடம் கேட்டு, அவர் அறையிலிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். பிள்ளைகள் என்னைக் கூப்பிடும் 'மிஸ்' வேறாம். அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம். நான் தேடிய 'மிஸ்' அதைவிடப் பழையது. எறிந்தது குறியில் படாமல் போவதே அதன் ஆதி அர்த்தம். பிறகு ரயிலைத் தவறவிடுவதற்கும், இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதற்கும், பக்கத்தில் இல்லாத மனிதரை நினைத்து ஏங்குவதற்கும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி அர்த்தத்தை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாவதில் அழ ஒன்றுமில்லை என்று நினைத்து அதைச் சொன்னேன்.

மீன் அரிந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்துவிட்டாள்.

"படலயா? அப்ப அவுக மேல குண்டு படலன்னுதானளா அந்த ஆளு சொல்லுதான்?"

"அது ரொம்பப் பழைய அர்த்தம்க்கா. இப்ப யாரும் அப்படி நெனச்சுச் சொல்லமாட்டாக."

"மொத அர்த்தம் அதுதானே?"

"மொத அர்த்தம் அதுதான். ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் மாமியார் இறந்தவர்களுக்கான பூசை வைக்க வேண்டுமென்று மாதா கோயிலுக்கு நடையாய் நடந்தாள். "சாவு நிச்சயமாகாம நான் எப்படிம்மா வைக்கது?" என்று சாமியார் கையை விரித்தார். ஒரே வீட்டில் ஒருத்தி மகனுக்காக அழுதாள்; இன்னொருத்தி புருஷனின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். யார் பக்கம் பேசினாலும் மற்றவளுக்குக் கொடுமை.

யுத்தம் முடிந்ததும், அதே கப்பலில் போய் ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டிருந்த ஒருவர் ஊர் திரும்பினார். எலும்பும் தோலுமாக வந்து எங்கள் வீட்டில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு படகுல எறங்கினோம், மைனி. அவரு இருந்த படகு காத்துல தள்ளிப் போயிட்டு. பெறவு எங்க கண்ணுல படல."

"முங்குனதப் பாத்தீகளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாக்கல, மைனி."

அடுத்த மழைக்காலத்தில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது வேறொரு குமாஸ்தா. எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "பிரிஸ்யூம்டு டெட்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"செத்துப்போனதா வச்சுக்கிடணும்னு அர்த்தம்க்கா."

"யாரு வச்சுக்கிடணும்?"

"எல்லாரும்தாம்மா," என்றார் குமாஸ்தா, தணிந்த குரலில்.

சாமியார் அதற்கு மேல் மறுக்கவில்லை. பூசையன்று மாமியார் முன்வரிசையில் விழுந்து அழுதாள். அக்கா தன் பச்சைச் சேலையில் வாசலோரம் நின்று, எல்லோரும் முழந்தாளிட்டபோது தானும் முழந்தாளிட்டாள். பிறகு பெண்கள் தாலியைக் கழற்றச் சொல்லி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சண்டை போடவில்லை, கழற்றவுமில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கழற்று என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நான் பின்னாலேயே போனேன்.

தாலி கடைசிவரை அவள் கழுத்தில் கிடந்தது. இரண்டாம் தடவை அந்த ஆபீசுக்குப் போய்வந்த பிறகு, அவள் என்னிடம் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை.