சோதனைச் சாவடியில் ஓடிய முதலைப் படம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்காகக் கண்டிக்குப் போன நாளில்தான் இது நடந்தது. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன பிறகு வந்த அழைப்பு அது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அம்மா இஸ்திரி போட்டுத் தந்த சேலையைக் கட்டிக்கொண்டு, சான்றிதழ் கோப்பும் கைப்பையுமாகக் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கைப்பைக்குள் ஒரு வீடியோ கெசட்டும் இருந்தது. எனக்கு அப்போது ஒரு பைத்தியம். தியேட்டர் பக்கமே வராமல் நேரே கெசட்டாக வருமே, ராட்சத முதலை, ராட்சதப் பாம்பு, ராட்சதச் சிலந்தி என்று மலிவான ஆங்கிலப் படங்கள், அவற்றை ஒன்று விடமாட்டேன். ஒரு காட்சியில் பாம்பு பஸ் அளவு இருக்கும், அடுத்த காட்சியில் கோச்சி ரயில் அளவு ஆகிவிடும். முதலை வாயைத் திறந்தால் உள்ளே கம்பி தெரியும். தோட்டத்தில் வீடியோ டெக் வைத்திருந்த ஒரு வீட்டில் நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து, கத்திச் சிரித்துக்கொண்டு பார்ப்போம். அந்த முதலைப் படத்தைப் பாதி பார்த்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. அன்றைக்கே கண்டிக் கடையில் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் அடுத்த கெசட் தரமாட்டார். போகிற வழிதானே என்று எடுத்து வைத்தேன்.

கண்டிக்குள் நுழைவதற்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் வழமைபோல எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் என் பையைத் திறந்து கெசட்டை வெளியே எடுத்தாள். அச்சடித்த அட்டை கிடையாது, கடை நம்பர் எழுதிய பிளாஸ்டர் துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டாள். முதலைப் படம், டீச்சர் நேர்முகத்துக்குப் போகிற வழியில் கடையில் கொடுக்கவேண்டும் என்றேன். அவள் பொறுப்பாக இருந்த சார்ஜனைக் கூப்பிட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீச்சர் வேலைக்குப் போகிறவள், சேலை கட்டிக்கொண்டு, முதலைப் படம் பார்ப்பாளா என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளதைச் சொன்னதுதான் என் குற்றமாகப் போயிற்று. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

ஒன்று சொல்லவேண்டும். தேடியதற்காக எனக்குக் கோபமில்லை. குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், அவர்களுக்கும் உயிர் இருக்கிறது. கெசட்டைப் போட்டுப் பாருங்கள் என்று நானேதான் சொன்னேன். சாவடியில் டீவி இருந்தது, டெக் இல்லை. எதிர்ப்பக்கம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த மடவளை ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய டெக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். மனிதர் வயர்களைப் பொருத்தும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பட வாணாம் மகள், படம்டா படம்தானே, பாத்துட்டு உட்டுருவாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

படம் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்குள் குளத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியை முதலை விழுங்கிவிட்டது. சாவடியே சிரித்தது. அத்தோடு விட்டிருக்க வேண்டுமா இல்லையா? சார்ஜன் கதிரையை டீவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் படத்தை வைத்து நடுவில் வேறு ஏதாவது பதிந்திருப்பார்களாம், அதனால் கடைசி வரை பார்க்கவேண்டுமாம். மடவளைக்காரர் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். உன் வேலையைப் பார் என்று ஒரு அதட்டல். டீ வந்தது, எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். நல்ல கட்டங்களைத் திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். நான் வாங்கில் உட்கார்ந்து சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்முகப் பரீட்சை தொடங்கும் நேரம் என் கண் முன்னாலேயே வந்தது, போனது.

கரண்ட் போன இடம் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "சேர், இதுக்கு மேல நான் பாக்கல. ஆனா என்ன நடக்கும்னு சொல்றேன். ஓட்டிப் பாருங்க. சரியா இருந்தா என்னை விட்டுருங்க" என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஹோட்டல் முதலாளி ஹோட்டலை மூடமாட்டான் என்றேன். பகிடி விடுகிற அந்தக் குண்டு ஆள் அடுத்ததாகச் சாவான் என்றேன். முதலை இருக்கிறது என்று அந்தப் பெண் எத்தனை தடவை சொன்னாலும் பொலிஸ் பெரியவர் நம்பமாட்டார், கடைசியில் அவரையும் முதலை தின்னும் என்றேன். பெண் பொலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். முதலையை வெடி வைத்துத் தகர்ப்பார்கள், எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், அப்புறம் தண்ணீருக்கு அடியில் ஒரு முட்டை வெடித்துக் குட்டி எட்டிப் பார்க்கும், படம் முடியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மடவளைக்காரர் யாரையும் கேட்காமலே வேகமாக ஓட்டும் பட்டனை அமர்த்தினார். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே படம் விழுந்தடித்து ஓடியது. ஒவ்வொன்றாக வந்தது. குண்டு ஆள் போனான். பெரியவர் தொப்பியோடு முதலையின் வாய்க்குள் போனபோது சார்ஜன் தொடையைத் தட்டிச் சிரித்தார். முட்டையும் வெடித்தது. "பொல்லாத நங்கி" என்று தங்கச்சியைச் சொல்வதுபோலச் சொல்லி, வாங்கி வைத்திருந்த அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். கெசட்டைக் கேட்டேன். அது இருக்கட்டும், இன்னும் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

நேர்முகம் நடந்த கல்விக் கந்தோருக்கு ஓடினேன். என் பெயரைக் கூப்பிட்டு முடித்து அடுத்தடுத்த ஆட்களுக்குப் போய்விட்டார்கள். நேர்முகம் செய்த குழுவில் யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் இருந்தார். வெளியே வந்தவரை வழிமறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். "ஓம் பிள்ளை, எனக்கு விளங்குது. ஆனா மற்றவை நம்பவேணுமே. உம்மை மறிச்சு வச்சிருந்தவை எண்டு பொலிசிட்ட ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாரும். பின்னேரம் முடியிறதுக்குள்ள வந்தால் நான் கதைக்கிறன்" என்றார்.

திரும்பச் சாவடிக்குப் போனேன். வாசலிலேயே அலறல் சத்தம் கேட்டது. உள்ளே அடுத்த முறைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து என் முதலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முறை முடிந்தும் போகாமல் அவர்களோடு இருந்த சார்ஜனிடம் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "யாரு நங்கி உங்களைப் பிடிச்சு வெச்சது? ஒண்ணா இருந்து படம் பாத்தோம், டீ குடிச்சோம். அதுக்கு என்னத்த எழுதித் தர?" என்றார். சுற்றியிருந்தவர்கள் மறுபடி டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மிரட்டியிருந்தால் அழுதுவிட்டாவது வந்திருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார். அந்த அன்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

வெளியே வந்தபோது மடவளைக்காரர் கடைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாங்க மகள், நான் கந்தோருக்கு வந்து நடந்தத செல்றேன். என்ட டெக்குலதானே ஓடிச்சு" என்றார். பொலிசுக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். கந்தோர் வாசலில் காவலாளி மட்டும் இருந்தான். குழு நேரத்துக்கு முன்னமே முடித்துக்கொண்டு போய்விட்டதாம். மனிதர் வாசல் கம்பிக்கு ஊடாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தெல்தோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

அந்த நியமனம் எனக்குக் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து வேறொரு வழியாகத்தான் டீச்சர் ஆனேன். அந்தப் பழைய காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, "உங்களை ஒண்ணும் செய்யலதானே, சும்மா விசாரிச்சுட்டு விட்டாங்கதானே" என்று சிலர் என்னிடம் சமாதானம் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு, டீ கொடுத்து, ஒருத்தியின் பிழைப்பைப் பறித்தாலும் அது பறித்ததுதான் என்று அவர்களுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.