பூட்டிய கணக்கும் கார்த்திகாவின் ஜாதகமும்

நடந்தது இது. நம்பாதவர்கள் சர்வரின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கதை கட்டத் தெரியாது.

ராஜபாளையத்தில் ஒரு திருமணத் தகவல் மையம். அதன் பழைய வலைத்தளத்தைக் கட்டி மேய்ப்பவன் காசிராஜன். அங்கே ஜாதகம் எதுவும் கோப்பாகக் கிடக்காது. பெண் வீட்டார் சம்மதித்த ஆள் உள்ளே நுழைந்து கேட்டால்தான், அந்த நொடியில் உருவாகும். அடியில் பார்த்தவர் பெயரும் நேரமும் விழும். மூன்று வாரம் தூக்கம் கெட்டுச் செய்த ஏற்பாடு.

வியாழக்கிழமை மதியம் 2.05. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜெயசித்ரா போன் செய்தார்.

“தம்பி, எம்மக கார்த்திகா ஜாதகத்த எவனோ தெனமும் பாக்கான். மெசேஜ் வருது. நான் ஒருத்தருக்கும் சரின்னு சொல்லலியே! ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன்யா...”

காசிராஜன் கொட்டாவியோடு பதிவேட்டைத் திறந்தான். விஜயபாண்டி, சோழபுரம். பதினோரு நாளாக, தினமும் 2.10.

உள்ளே நுழைந்த தடம் இல்லை. அந்தக் கணக்கோ, இவன் வேலைக்குச் சேரும் முன்பே பூட்டப்பட்டது.

எங்கேயோ ஓட்டை விட்டிருக்கிறோம் என்று நினைத்தான். பேய் என்று நினைக்க அவனுக்குத் தெம்பில்லை.

2.10. டிங்... கண் முன்னே ஜாதகம் உருவானது.

கணக்கையே அழித்தான். 2.14. டிங்... விஜயபாண்டி.

சர்வரை நிறுத்தி ஓட்டினான். 2.21. டிங்...

கடைசியில், கார்த்திகாவின் ஜாதகம் எவருக்குமே உருவாகாதபடி அடைத்தான். 2.26.

சத்தமில்லை.

2.40... இல்லை. டீ சொன்னான்.

3.15. போன். ஜெயசித்ரா.

“நீங்க அடைச்சிட்டீங்களாம், அதுவும் நல்லதாப் போச்சு தம்பி. நேர்லயே வந்துட்டாரு. சோழபுரத்து விஜயபாண்டி. தங்கமான கொணம்.”

“எப்ப வந்தாரு?”

“ரெண்டு இருபத்தாறு.”

“கூட யாரு?”

“தனியாத்தான். பொண்ணு பாக்க வாரவிய துணைக்கு ஆளில்லாம வரலாமான்னேன். இனிமே இருக்கும்னாரு... செத்த நேரம் இருந்துட்டுப் போயிட்டாரு. காப்பி அப்படியே இருக்கு.”

“கார்த்திகா?”

“தலைவலின்னு படுத்திருக்கா. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு...”

காசிராஜன் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தான். அதிலிருந்த எண்ணை அழுத்தினான்.

“விஜயபாண்டி அப்பாவா?”

“ஆமய்யா. அவன் போய் ரெண்டு வருசமாச்சே.”

“என்னைக்கு... என்ன கிழமை?”

“சனி. சனிப்பொணம் தனிப்போகாது, பாடையில கோழி கட்டுங்கன்னு அம்புட்டுப் பேரும் சொன்னாவ...”

“கட்டுனீங்களா?”

“அவசரத்துல கட்டாம விட்டுட்டோம்.”