கேப்டனுக்கு விட்ட இடம்

ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து கேட்கிறவர்கள் நோட்டை நீட்டுவார்கள், மட்டையை நீட்டுவார்கள், சிலர் போட்டிருக்கிற சட்டையையே இழுத்துப் பிடித்துக் காட்டுவார்கள். நான் என் அண்ணனின் காலை நீட்டினேன்.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பா வீட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா விடிவதற்கு முன்பே அபார்ட்மெண்ட்களில் பெருக்கித் துடைக்கக் கிளம்பிவிடுவாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கூடவே இருந்து ஆட்டோ ஓட்டினார். அண்ணனுக்குப் பதினாறு வயது. ஹாக்கியில் நல்ல ஓட்டக்காரன். பொங்கலுக்குப் பிறகு நடக்கும் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் தேர்வுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டால் சாப்பாடும் படிப்பும் அங்கேயே, பிறகு ஆட்டத்தை வைத்தே ஒரு வேலை என்று அம்மா வெகுதூரம் வரை யோசித்து வைத்திருந்தாள். தசராவுக்கு முந்தின வாரம் மண் மைதானத்தில் விழுந்து அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்ட டாக்டர், தீபாவளி முடிந்ததும் வந்தால் பிரித்துப் பார்க்கலாம் என்றார். பொங்கலுக்குள் ஓடிவிடலாம் என்று எல்லோரும் நம்பினோம்.

என் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது கை ஒடிந்தால் வகுப்பே மாவுக்கட்டில் பேரெழுதி வைக்கும். அண்ணனின் கட்டு அதைவிட நீளம். வெறும் வெள்ளையாக விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு ஒரு நல்ல சவாரி அமைந்திருந்தது. ஒரு பெரிய கம்பெனியின் ஹாக்கி அணி காலையில் பயிற்சி செய்யும். ஆடுவதுதான் அவர்களுக்கு உத்தியோகம். மற்றவர்கள் மட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்துவிடுவார்கள். கோல்கீப்பரால் முடியாது. கால் காப்பு, மார்புக் காப்பு, தலைக்கவசம் என்று அவருடைய பை ஓர் ஆள் உயரம் இருக்கும். அதற்காகவே தினமும் மாமாவின் ஆட்டோ. பையிலிருந்து நனைந்த நாய் நாற்றம் அடிக்கும். ஆனால் அந்தப் பையைப் பார்த்தால் கேட்டில் வாட்ச்மேன் எதுவும் கேட்கமாட்டார்.

நாங்களும் அதில் தொற்றிக்கொண்டோம். பையும் கோல்கீப்பரும் பின்னால் பாதி இடம், அண்ணனின் கால் மீதி இடம். நான் மாமாவின் சீட்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்வேன். செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்பதால் அண்ணனின் காலுக்கு அரிசிச் சாக்கின் பாலிதீன் உறையைச் சுற்றிவிடுவேன். பயிற்சி முடிந்து அவர்கள் வெளியே வரும்போது உறையைக் கழற்றிவிட்டு, மார்க்கர் பேனாவோடு வழியை மறித்து நிற்பேன்.

“இன்னாம்மா, உங்கண்ணன் காலா, கம்பெனி போர்டா?” என்று கோல்கீப்பர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஒருவர் மட்டை படம் வரைந்தார். இன்னொருவர், “நம்ம டீம்ல பாதிப் பேருக்கு இங்கதான் உடைஞ்சிருக்கு, மச்சா” என்று அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று செய்வான். யாராவது முழங்காலுக்குக் கீழே நேர் முன்னால் பேனாவைக் கொண்டுபோனால் உள்ளங்கையால் மூடிக்கொள்வான்.

“இது கேப்டனுக்கு” என்பான்.

கேப்டன் அப்போது வெளியூரில் ஒரு முகாமில் இருந்தார். எனக்கு அண்ணன் மேல் பெரிய மரியாதை வந்தது. எதற்கும் ஒரு முறை இருக்கிறது, அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

தீபாவளி முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் மாமா.

“கேப்டன் கையெழுத்து வாங்கிட்டுப் போலாம் மாமா. இவ அழுவா” என்றான் அண்ணன்.

நான் அழுவதாகச் சொல்லவே இல்லை. ஆனால் அவன் சொன்ன பிறகு அழத்தான் வேண்டும்போல இருந்தது; அழுதேன். மாமாவுக்கு என் அழுகை ஆகாது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அப்படியே. அம்மா கேட்டால், “இவதான் விடமாட்டேங்கறா” என்பான். கேப்டனிடம் ஒரு காகிதத்தில் வாங்கித் தருகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள் என்று கோல்கீப்பர் சொன்னபோது, ஒட்டினால் அது கையெழுத்தே இல்லை என்றான். கடைசியில் ஒருநாள் கேப்டன் மைதானத்தில் நிற்பதை நானே பார்த்துக் குதித்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“இன்னிக்கு மூடு சரியில்ல அவருக்கு. மூஞ்சைப் பாரு. இன்னொரு நாள் கேக்கலாம்.”

நான் பார்த்தேன். எனக்கு எல்லோர் முகம் மாதிரியும்தான் தெரிந்தது.

விவேக் நகர்ப் பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்திருந்த ஒரு காலையில், கோல்கீப்பர் சொல்லி, கேப்டன் தானாகவே ஆட்டோவுக்கு வந்தார். குடகுக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

“நோடோண, எல்லி என் ஜாகா?” என்று தன் இடத்தைக் கேட்டார்.

அண்ணனின் கை அந்த இடத்தில் இருந்தது. எடுக்கவில்லை. நான்தான் அதை விலக்கிவிட்டேன். கேப்டன் பேனாவின் மூடியைத் திறந்து குனிந்தார். உடனே எழுதவில்லை. அண்ணனின் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

“இது எப்போ போட்டது?”

“தசராவுக்கு முன்னாடி சார்! உங்களுக்காகத்தான் பிரிக்காம வெச்சிருக்கோம்” என்றேன், பரிசு கிடைக்கும் என்பதுபோல.

அவர் பேனாவை மூடினார். மாமாவைப் பார்த்தார்.

“நீங்க பெரியவரு. உங்களுக்குத் தெரியலையா?”

“கொழந்தைங்க ஆசை சார்…” என்றார் மாமா.

“பிரிச்சிட்டு வா தம்பி. நடந்து வா. உன் ஸ்டிக்ல போட்டுத் தரேன்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. எல்லோரும் போட்டார்கள், இவருக்கு மட்டும் என்ன திமிர்?

மாமா வேறு சவாரி எடுக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரி. கட்டை அறுக்கிற மிஷின் கையெழுத்துகளின் நடுவே உறுமிக்கொண்டு போனது. கட்டு இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்து வேறு யாருடையதோ போல ஒரு கால் வந்தது. மெலிந்து, தோல் உரிந்து. முழங்கால் மடங்கவில்லை. பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

“பொங்கலுக்கு ஓடுவானா சார்?” என்று நான்தான் கேட்டேன்.

“முதல்ல நடக்கட்டும்மா” என்றார் டாக்டர். எலும்பு கோணலாக ஒட்டியிருப்பதாகவும், சொன்ன நாளில் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றும் மாமாவிடம் ஆங்கிலம் கலந்து சொன்னார். அண்ணன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அன்று மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வந்தாள். விஷயம் கேட்டு முதலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“உன் கையெழுத்துப் பைத்தியத்துல அவன் பொழப்பே போச்சேடி!”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தி மீன் குழம்பு. சாப்பிட உட்கார்ந்தோம். நடுவில் அவன் தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தான். அடி வாங்கினதற்கு மீன் கிடைத்தது என்று நான் சாப்பிட்டுவிட்டேன்.

மட்டையைக் கேப்டனிடம் கொண்டுபோகலாம் என்று நான் எத்தனையோ தடவை நச்சரித்தேன். நாளைக்கு, நாளைக்கு என்பான். அவன் போகவே இல்லை.

ஏழாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் ஹாஸ்டலுக்குச் சமைத்தேன், ஓர் ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. அங்கங்கே ஆட்களைப் பார்த்திருக்கிறேன்: மார்பில் கட்டி என்று தெரிந்தும் ஆஸ்பத்திரிக்கு நாள் தள்ளியவள், மகனைப் பற்றிக் கெட்ட செய்தி வரும் என்று பயந்து போனை அணைத்தே வைத்திருந்தவர். அவர்களைப் பார்த்த பிறகுதான் அண்ணன் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தது எதை என்று விளங்கியது. கட்டு இருக்கிறவரை அவன் காலொடிந்த ஆட்டக்காரன். பிரித்தால் என்னவென்று அவனுக்கு உள்ளேயிருந்து தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் இப்போது வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி. லேசாகச் சாய்ந்து நடப்பான். நான் ஊருக்கு வந்தால் அம்மா மத்தி வாங்குவாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் மாவுக்கட்டுக்கு வந்துவிடும். “எல்லாம் இவளால” என்பாள், இப்போது சிரித்துக்கொண்டே. அண்ணன் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. குனிந்தபடியே தன் தட்டிலிருந்து பெரிய மீனாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைப்பான். நானும் ஒன்றும் சொல்லாமல் முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுவேன்.